வாலிபர் கையில் கொடுத்த பொறுப்பு

எங்கள் சேகரத்துக் கமிட்டியில் வருஷம் தவறாமல் எழும்பும் கேள்வி ஒன்று உண்டு. "வாலிபர்கள் ஏன் கோயிலுக்கு வருவதில்லை?" செல்போன், சினிமா, வெளியூர் வேலை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். பிறகு டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். இந்தக் கேள்விக்கு நம் திருநெல்வேலிச் சபையின் சரித்திரத்திலேயே ஒரு பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வெள்ளாளன்விளை குருவானவர் தாமஸ் வேதநாயகத்தின் மகன் வேதநாயகம் சாமுவேல் அசரியா. பிறந்தது 1874 ஆகஸ்ட் 17. மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். பட்டம் வாங்கவில்லை. 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளர் வேலையில் சேர்ந்தார். ஊர் ஊராகப் போய் வாலிபர்களைச் சந்திப்பதுதான் வேலை.

1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கே தமிழ்க் கிறிஸ்தவ வாலிபர்கள் தாங்களே பணம் சேர்த்து, தங்களில் ஒருவரையே மிஷனெரியாக அனுப்பித் தாங்குவதைப் பார்த்தார். அது அவர் மனதில் தைத்தது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டின ஆலயத்துக்கே நூறு வயது தாண்டியிருந்த காலம் அது. அத்தனை வருஷம் சுவிசேஷத்தை வாங்கிக்கொண்ட சபை, கடல் தாண்டி வேண்டாம், அடுத்த பாஷைக்காரரிடமாவது ஓர் ஆளை அனுப்பியதா?

1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அசரியாவுக்கு அப்போது 28 வயது. சங்கத்தின் கொள்கை எளிமையானது: ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம் நிர்வாகம். மறு வருஷமே நிஜாம் ராஜ்யத்தில், தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு மிஷனெரி போனார். இந்த ஊழியத்துக்காகக் கைப்பிடி அரிசி எடுத்து வைத்த தாய்மாரை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 1905 கிறிஸ்துமஸ் அன்று செராம்பூரில் பல சபையாரும் சேர்ந்து தேசிய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோதும் அசரியா முன்னணியில் நின்றார்.

பிறரைப் போகச் சொல்வதோடு அவர் நிற்கவில்லை. 1909இல் குருப்பட்டம் பெற்று, தெலுங்கு கற்றுக்கொண்டு, தாமே தோர்ணக்கல் போனார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பரிசுத்த பவுல் பேராலயத்தில் பிஷப்பாக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப். வயது 38. அதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. மிஷனெரிகள் பலர் வேண்டாம் என்றார்கள். நம்மவர்களிலும் சிலர் மறுத்தார்கள். சென்னை பிஷப் ஹென்றி ஒயிட்ஹெட் மட்டும் விடாமல் அவர் பக்கம் நின்று வாதாடினார். 1945 ஜனவரி 1இல் காலமாகும்வரை அசரியா தோர்ணக்கல்லின் பிஷப்பாகவே இருந்தார்.

இதில் நான் கவனிப்பது மூன்று காரியங்கள். முதலாவது, அந்த வாலிபர்களுக்கு வேலை இருந்தது. பொழுதுபோக்கு அல்ல, ஒருவர் தோற்றால் ஊழியமே தோற்றுப்போகும் வேலை. இரண்டாவது, பணப்பெட்டியின் சாவி அவர்களிடம் இருந்தது. தன் காசு போன இடத்தில்தான் மனுஷனுக்கு அக்கறை பிறக்கிறது. மூன்றாவது, பின்னால் ஒரு பெரியவர் நின்றார். முன்னால் வந்து மறிக்கவில்லை.

நம் வாலிபர்களுக்கு நாம் கொடுப்பது என்ன? அசனத்துக்கு இலை போடுவது, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவது, பண்டிகைக்கு நாற்காலி அடுக்குவது. கணக்கு நோட்டும் தீர்மானப் புத்தகமும் நம் கையில். அறுபது வயதுக்காரர் கமிட்டியில் இளையவராக இருக்கிற சேகரத்தில், இருபத்தெட்டு வயது அசரியா ஒருவர் எழும்பினால் எங்கே உட்காருவார்?

அடுத்த தேர்தலில் முப்பது வயதுக்குக் கீழ்ப்பட்ட இரண்டு பேரையாவது, அதில் ஒரு பெண்ணையும், கமிட்டிக்குக் கொண்டுவருவோம். ஞாயிறு பள்ளியையும் அதன் வரவு செலவையும் ஒரு வருஷம் அவர்களிடம் ஒப்படைப்போம். தப்பு வரும். வந்தால் கூட இருந்து திருத்துவோம். கமிட்டியில் என் இடத்தை அதற்காக விட்டுக்கொடுக்க நான் தயார்.