கட்டாத பில்லும் 75 டைட்டன்களும்

கரண்ட் பில் கட்டாவிட்டால் வந்து ஃபியூஸைப் பிடுங்குவார்கள். இங்கே புனேயில் சொசைட்டி மெயின்டனன்ஸ் கட்டாவிட்டால் லிஃப்டுக்குப் பக்கத்து நோட்டீஸ் போர்டில் ஃப்ளாட் நம்பரைப் போட்டு மானத்தை வாங்குவார்கள். 2014 ஜனவரி 27-ம் தேதி ஒரு பில் கட்டப்படாமல் போனதில் 21 மணி நேரம் யுத்தம் நடந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் பேர் சண்டை போட்டார்கள். அழிந்ததை டாலரில் கணக்குப் பார்த்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல் என்றார்கள். அன்றைய நம் ரூபாயில் 1.8 கோடிக்கு மேல்.

நடந்தது விண்வெளியில். அதாவது, ஐஸ்லாந்து தலைநகர் ரேக்யவிக்கில் இருக்கும் சி.சி.பி. என்ற கம்பெனி 2003-ல் வெளியிட்ட ஈவ் ஆன்லைன் என்ற கணினி விளையாட்டுக்குள். "விளையாட்டுக்கெல்லாம் சரித்திரமா?" என்று எங்கள் வீட்டுத் தங்கமணியே கேட்டாயிற்று. :-) நான் பொட்டி தட்டுவது சர்வர் பராமரிப்பில். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஒரே மெஷினிடம் ஆளுக்கொன்று கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குச் சோறு போடும் கேள்வி. அதனால் இந்தக் கதையில் எனக்கு ஈர்ப்பு அதிகம். வீட்டில் பையனோ பெண்ணோ ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு "பிரைமரி, பிரைமரி" என்று கத்தினால் அது என்ன சமாச்சாரம் என்று அப்பா அம்மாக்களுக்கும் புரியும்.

விஷயம் பழசு. கப்பல் பத்து இருந்தால் ஒருவர் கத்தியே சமாளித்துவிடலாம். இருநூறு ஆனால்? 1916 மே 31-ம் தேதி ஜட்லாண்ட் கடலில் பிரிட்டனும் ஜெர்மனியும் மோதியபோது இரண்டு பக்கமும் சேர்த்து 250 கப்பல்கள். பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிகோ உத்தரவு கொடுத்தது பெரும்பாலும் கொடிகளில். வயர்லெஸ் வந்திருந்தாலும் நம்பிக்கை கொடி மேல்தான். புகையில் கொடி தெரியவில்லை. முன்னால் போன பீட்டி திரும்பச் சொல்லி ஏற்றிய கொடியைப் பின்னால் வந்த, அந்தப் படையிலேயே பலமான நான்கு போர்க்கப்பல்கள் பார்க்கவில்லை. அவை பாட்டுக்கு வேறு திசையில் கொஞ்ச நேரம் போய்க்கொண்டிருந்தன. ஜெல்லிகோவுக்குக் கடைசிவரை பெரிய தலைவலி எதிரி இப்போது எங்கே என்பதுதான். பீரங்கிக்குக் குறைச்சலில்லை. செய்தி போய்ச் சேருவதில்தான் கோளாறு.

கணினி விளையாட்டில் இந்தத் தலைவலியை ஒற்றை ஆளின் கைக்குக் கொண்டுவந்தவற்றில் எனக்குப் பிடித்தது 1999-ல் வந்த ஹோம்வேர்ல்ட். கனடாவின் வான்கூவரில் இருந்த ரெலிக் கம்பெனி செய்தது. மேலே கீழே என்று எல்லாப் பக்கமும் திறந்த வெளி. தட்டையான திரையில் தட்டையான மவுஸை வைத்துக்கொண்டு ஒரு கப்பலை "அதோ அங்கே, கொஞ்சம் உயரத்தில்" போகச் சொல்வது எப்படி? முதலில் ஒரு வட்டத்தட்டு வரும், அதில் திசையும் தூரமும். பிறகு ஷிஃப்டைப் பிடித்து இழுத்தால் உயரம். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மொத்தப் போர்க்களமும் புள்ளிகளாகத் தெரியும். ஐம்பது கப்பலைத் தனித்தனியாக மேய்க்க முடியாது என்பதால் அணிவகுப்புகள்: டெல்டா, சுவர், உருண்டை, நகம் இப்படி. கூடவே ஒரு மனநிலையும் சொல்லலாம்: ஆவேசம், நடுநிலை, நழுவல். மீதியைக் கப்பலே பார்த்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் பிழைத்த கப்பல்கள்தான் அடுத்த கட்டத்துக்குக் கூட வரும் என்பதால் தளபதிக்குத் தன்னுடைய ஆட்கள் மேல் ஒரு பாசமே வந்துவிடும். 2015-ல் இதைப் புதுப்பித்து வெளியிட்டபோது அணிவகுப்பு பழையபடி நிற்கவில்லை என்று பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அடுத்த வருடம் திருத்தம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அணிவகுப்பை எடுத்துவிட்டால் அந்த விளையாட்டில் மிச்சம் வெறும் வாணவேடிக்கை.

ஹோம்வேர்ல்டில் கப்பல்கள் சொன்னதைக் கேட்கும். ஈவில் ஒவ்வொரு கப்பலுக்குள்ளும் ஒரு நிஜ மனுஷன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு இருமல் வரும், குழந்தை அழும், காலிங் பெல் அடிக்கும். அவன் கப்பல் உடைந்தால் உடைந்ததுதான், மறுபடி காசு சேர்த்து வாங்க வேண்டும்.

ஒரு படையில் அதிகபட்சம் 256 பேர் என்று வைத்தார்கள். ஒரு தளபதி, ஐந்து பிரிவுத் தலைவர்கள், ஒவ்வொரு பிரிவிலும் பத்துப் பத்துப் பேராக ஐந்து குழு. காகிதத்தில் ராணுவம் மாதிரி அழகாக இருக்கும். நடைமுறையில் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்த வழி வேறு. பெரும்பாலோர் கப்பலை ஓட்டவே மாட்டார்கள்! "நங்கூரம்" என்று ஒருவரை வைத்துக்கொண்டு, அவர் கப்பலைப் பின்தொடரும்படி ஒரு தட்டு தட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அவர் திரும்பினால் இருநூறு கப்பலும் திரும்பும். சுடுவதும் அப்படியே. ஆளுக்கொரு எதிரியைச் சுட்டால் எதிரியின் பழுது பார்க்கும் கப்பல்கள் உடனுக்குடன் சரிசெய்துவிடும். அதனால் தளபதி ஒரு பெயர் சொல்வார், அதுதான் "பிரைமரி". எல்லோரும் ஒரே நொடியில் அதையே அடிக்க வேண்டும், பழுது பார்ப்பவன் கை வைப்பதற்குள் அது உடைய வேண்டும். குரல் இணைப்பில் தளபதியைத் தவிர யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அடி வாங்குபவன் கத்த மாட்டான். ஒரு பட்டனை அழுத்தினால் பழுது பார்ப்பவர்கள் திரையில் அவன் பெயர் வந்துவிடும். எதிரிக்கும் இதெல்லாம் தெரியும், அதனால் முதல் குறியே தளபதியின் கப்பல்தான். அவர் போனால் அடுத்தவர் யார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்கும்.

இத்தனை ஏற்பாடு இருந்தும் ஒரு விரல் தவறினால் போச்சு. 2013 ஜனவரியில் அசகாய் என்ற இடத்தில் ஒரு டைட்டன் ஓட்டி, மற்றவர்களை அனுப்பும் பாலத்தைத் திறப்பதற்குப் பதிலாகத் தானே தாவும் கட்டளையைத் தட்டிவிட்டார். பல மாத உழைப்பில் கட்டிய மலை தனியாக எதிரி நடுவில் போய் நின்றது. அதைக் காப்பாற்ற இவர்கள், கொல்ல அவர்கள் என்று சேர்ந்து கடைசியில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர்.

இப்போது என் ஏரியா. நூறு கப்பல் இருக்கும் இடத்தில் ஒருவர் அசைந்தால் அதை நூறு பேருக்கும் சொல்ல வேண்டும். நூறு பேரும் அசைந்தால் பத்தாயிரம் செய்தி. இரண்டாயிரம் பேர் என்றால் நாற்பது லட்சம். ஆள் இருபது மடங்கு, வேலை நானூறு மடங்கு. பழைய நாட்களில் இந்தச் சுமையில் சர்வர் திணறும்போது, சுடு என்று தட்டினால் சில நிமிடம் கழித்துச் சுடும், அல்லது சுடவே சுடாது. புதிதாக வந்து சேரும் படை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செத்துப் போயிருக்கும். முன்னால் வந்து உட்கார்ந்தவனுக்கே வெற்றி.

2012 தொடக்கத்தில் சி.சி.பி. இதற்குச் செய்த வைத்தியம் எனக்கு இன்றும் ஆச்சரியம். கல்யாணப் பந்தியில் இலை அதிகம், பரிமாற ஆள் குறைவு என்றால் சில இலைக்குச் சாம்பார் வராமலே ரசம் வந்துவிடும். அதற்குப் பதில் மொத்தப் பந்தியையும் மெதுவாகச் சாப்பிடச் சொன்னால்? எல்லா இலைக்கும் எல்லாம் வரிசையாக வரும், நேரம்தான் ஆகும். அதைத்தான் செய்தார்கள். சுமை ஏறினால் அந்தப் பகுதியில் காலத்தையே மெதுவாக்கிவிடுவது. பத்தில் ஒரு பங்கு வேகம் வரை இறங்கும். அங்கே ஒரு நொடி நகர இங்கே பத்து நொடி.

2014 ஜனவரிக்கு வருவோம். ஒரு பக்கம் சி.எஃப்.சி. என்ற பெரும் கூட்டணியும் ரஷ்யர்களும். எதிர்ப்பக்கம் என்3 கூட்டணியும் பாண்டமிக் லீஜனும். 18-ம் தேதி ஹெட்-ஜிபி என்ற இடத்தில் சி.எஃப்.சி. தன் கனரகக் கப்பல்களை உள்ளே இறக்கிப் பலமாக அடி வாங்கியிருந்தது. அங்கே காத்திருந்தவர்களின் ஆயுதம் ட்ரோன்கள். பலர் தங்கள் ட்ரோன்களை ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிடலாம். அவர் ஒருவரைச் சுட்டால் எல்லா ட்ரோனும் சுடும். படையை நடத்துவது என்ற கலை ஒற்றை விரலாகச் சுருங்கிவிட்டது. சில வாரங்களில் சி.சி.பி. ஓர் ஆளுக்கு 50 ட்ரோன்தான் ஒப்படைக்கலாம் என்று கட்டுப்பாடு வைத்தது. என்னைக் கேட்டால் சரியான முடிவு. மீதிப் பேர் எதற்கு அங்கே, ஆளுக்கொரு நாற்காலியில் தூங்கவா?

27-ம் தேதி திங்கட்கிழமை. (அந்த வருடம் குடியரசு தினம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்து நமக்கு ஒரு லீவு போனது.) என்3 பக்கத்தார் தங்கள் போர்த்தளமாக வைத்திருந்த பி-ஆர்5ஆர்பி என்ற நட்சத்திர மண்டலத்துக்கான உரிமைக் கட்டணம், தானாகக் கட்டப்பட்டுவிடும் என்று நினைத்திருந்தது, கட்டப்படவில்லை. உரிமை போயிற்று. எதிர்ப்பக்கம் உடனே புகுந்து தன் கொடியை நட்டது. உள்ளே ஏராளமான கப்பல்கள் மாட்டிக்கொண்டன. விட்டுவிடவும் முடியாது, விடிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருக்க முடியாது. இரண்டு பக்கமும் டைட்டன்களை இறக்கின.

டைட்டன் என்றால் கட்டுவதற்கே வாரக்கணக்கில் ஆகும் கப்பல். ஒன்றின் விலை டாலர் கணக்கில் சுமார் 3,000 என்றார்கள். அந்தக் காலத்தில் அதை எந்த நிலையத்துக்குள்ளும் கொண்டுபோய் நிறுத்த முடியாது. பார்க்கிங் இல்லாத ஃப்ளாட்டில் இருப்பவன் லாரி வாங்கிய கதை. அதனிடம் டூம்ஸ்டே என்று ஒரு ஆயுதம். ஒருமுறை சுட்டால் அடுத்ததற்கு பத்து நிமிடம் ஆகும். மெதுவாக்கிய காலத்தில் அது 100 நிமிடம். இங்கேதான் தளபதியின் வேலை மாறிப்போனது. வழக்கமாக நொடிக்கணக்கில் பெயர் சொல்ல வேண்டியவர் இப்போது தாளும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டியதாயிற்று. ஒரு டைட்டனைச் சாய்க்க ஒரு டூம்ஸ்டே போதாது, பல சேர வேண்டும். குறைவாக ஒதுக்கினால் அது பிழைத்துப் பழுது பார்த்துக்கொள்ளும். அதிகமாக ஒதுக்கினால் ஒவ்வொரு வீண் சூடும் 100 நிமிட நஷ்டம். ஆரம்பத்தில் பின்தங்கிய பக்கத்துக்கு அடுத்த சுற்றில் சுட ஆள் குறைவு, அதனால் மேலும் இழப்பு. கடன் மேல் வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போனது.

ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தால், ஆட்டக்காரன் சாப்பிட்டுவிட்டு வரலாம். தூங்கியும் போகலாம். ஐரோப்பாவில் நள்ளிரவு, மறுநாள் ஆபீஸ். அமெரிக்காவில் அப்போதுதான் வேலை விட்டு வீட்டுக்கு வருகிறார்கள். போன் போட்டு ஆளை எழுப்பி உட்கார வைக்க முடிந்த பக்கத்துக்குப் பலம். மூன்று தேசத்து ஆட்களோடு ராத்திரி கான்ஃபரன்ஸ் கால் எடுக்கும் நம் ஜனங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷிஃப்ட் மாற்றிவிடும்போதுதான் எப்போதும் ஏதாவது கோட்டை விடுவோம்.

பெரிய சண்டை வரப்போகிறது என்று முன்கூட்டியே சொன்னால் சி.சி.பி. அந்த மண்டலத்தைப் பலமான மெஷினுக்கு மாற்றி வைக்கும். இது திடீரென்று வந்தது. நடுவில் மாற்றினால் எல்லோரையும் வெளியே தள்ள வேண்டியிருக்கும். இருந்த மெஷினே இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரே நேரத்தில் உள்ளே இருந்தவர்கள் அதிகபட்சம் 2,670. மொத்தம் பங்கெடுத்தவர்கள் 7,548. விளையாட்டின் தினசரிப் பராமரிப்பு கிரீன்விச் நேரம் காலை 11 மணிக்கு, நமக்கு மாலை நாலரை. அது நெருங்கும் வரை சண்டை நடந்தது. அங்கே உள்ளே ஓடிய காலம் சுமார் இரண்டு மணி நேரம்தான்.

75 டைட்டன்கள் போயின. என்3, பாண்டமிக் லீஜன் பக்கம் 59, எதிர்ப்பக்கம் 16. விளையாட்டுப் பணத்தில் 11 லட்சம் கோடி. அந்தப் பணத்தை யாரும் டாலராக மாற்றிக்கொள்ள முடியாது. டாலர் கொடுத்து வாங்கும் சந்தாவை வைத்துத்தான் அந்த மூன்று லட்சக் கணக்கு. ஆனால் பல நூறு பேரின் மாதக்கணக்கான இரவுகள் நிஜம். ஒரு டைட்டனுக்குப் பின்னால் கல் தோண்டியவன், சுமந்தவன், காவல் இருந்தவன் என்று ஒரு ஊரே இருக்கும்.

ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து, 2020 டிசம்பர் கடைசியில் எம்2-எக்ஸ்எஃப்இ என்ற இடத்தில் ஒரே சண்டையில் 257 டைட்டன்கள் உடைந்தன. இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி மோதல். தாக்க வந்த படை உள்ளே தாவியது, சர்வரால் தாங்க முடியவில்லை. பத்தில் ஒரு பங்கு வேகமும் போதவில்லை. உள்ளே வந்து சேராமலே எத்தனையோ டைட்டன்கள் அழிந்தன. தளபதி சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது, ஆனால் அவர்கள் திரையில் கப்பலே வரவில்லை.

பி-ஆர்5ஆர்பியில் அந்தச் சண்டை முடிந்த கையோடு சி.சி.பி. உடைந்த டைட்டன்களை அப்படியே மிதக்கவிட்டு நினைவுச்சின்னமாக்கியது. அதற்கு வைத்த பெயர் டைட்டனோமாக்கி. அங்கே சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களும் உண்டு.