கட்டைகளின் இடப்புறத்துச் சக்கரம்

பாடகரின் சுருதியை ‘ஐந்து கட்டை’, ‘நாலரைக் கட்டை’ என்று குறிப்பிடுவது தமிழில் வேரூன்றிய வழக்கு. அவை ஆர்மோனியத்தின் கட்டைகள். கமகத்துக்கு இடந்தராத கருவி என்ற வாதத்தை ஏற்று அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அவ்விலக்கு ஓரளவு தளர்ந்தது. விலக்கப்பட்ட கருவியின் கட்டைக் கணக்கு மட்டும் பாடகர் பேச்சிலிருந்து அகலவே இல்லை என்பது வேடிக்கை.

வாதம் முற்றிலும் தவறன்று. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. ரிஷபத்தையும் மத்தியமத்தையும் தொட்டு அசையும்போதே அது தோடியாகிறது. கட்டையை அழுத்தினால் பிறப்பதோ அசையாத ஒரு புள்ளி.

இச்சிக்கலின் இரு முனைகளையும் அல்சூரில் நடைதூரத்துக்குள் காணலாம். 1809இல் பெங்களூர் கன்டோன்மென்ட் அமைந்தபின் மதராஸ் படையைத் தொடர்ந்து தமிழர் பெருகிய பகுதி அது. ஒருபுறம் சோமேசுவரர் கோயிலின் நாகசுர மரபு. மறுபுறம் கன்டோன்மென்ட் தேவாலயங்களின் ஆர்கன், பியானோ மரபு. முன்னது மூச்சினால் சுரத்தை வளைப்பது. பின்னது வளைக்க இயலாதது. அல்சூருக்குக் கிழக்கேயுள்ள எச்.ஏ.எல். நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய ஜி. ராஜ் நாராயண் 1970களின் இறுதியில் மின்னணுச் சுருதிப்பெட்டியை உருவாக்கினார். நிற்கும் சுருதிக்கு மின்னணுவியல் தந்த விடை அது. அசையும் சுரத்துக்கு விடை வேறிடத்திலிருந்து வந்தது.

மின்பியானோ அவ்விடையைத் தரவில்லை. அமெரிக்கரான ஹரால்ட் ரோட்ஸின் கருவியில் சுத்தியல் ஒரு சிறு எஃகுக் கம்பியைத் தட்டும். அதன் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக்கும். மணியோசை கலந்த இனிய நாதம். விரலின் அழுத்தத்துக்கேற்ப மென்மையும் கடுமையும் உண்டு. ஆனால் எடை ஏறத்தாழ 60 கிலோ. சுரமும் தட்டிய இடத்திலேயே நின்றது.

1983இல் யமஹா வெளியிட்ட டி.எக்ஸ்.7 எண்ணிம சிந்தசைசரின் எடை அதில் நான்கில் ஒரு பங்கு. கட்டைகள் 61, ஒரே வேளையில் ஒலிக்கும் சுரங்கள் 16. அதன் நாதம் பிறக்கும் முறை ஆர்வத்துக்குரியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் ஒரு சுரத்தை வேகமாக அசைத்துப் பார்த்தார். அசைவு ஓர் எல்லையைக் கடந்தபோது காது அதை அசைவாகக் கேளாமல் புதியதொரு நாதமாகக் கேட்டது. எஃப்.எம். முறையின் பிறப்பு அதுவே. அசைவினின்று நாதம் பெற்ற கருவியொன்று, அசைவையே உயிராகக் கொண்ட இசையிடம் வந்து சேர்ந்தது.

எனினும் நம் வாசிப்பாளர்களுக்கு உதவியது அந்நாதத்தைவிட, கட்டைகளின் இடப்புறமிருந்த சிறு சக்கரமே. அதை உருட்டினால் சுரம் மேலோ கீழோ வழுக்கிச் செல்லும். விட்டால் வில்விசையால் தன்னிடம் மீளும். அதற்கு முந்தைய மினிமூக் போன்ற கருவிகளிலும் சக்கரம் உண்டு. ஆயினும் அவற்றின் சுருதி வெப்பத்தில் விலகும். எண்ணிமக் கருவியில் அக்கவலை இல்லை. மேற்கத்திய வாசிப்பாளருக்கு இச்சக்கரத்தால் பயன் குறைவு: அவரது இடக்கை பெரும்பாலும் கட்டைகளில் இருக்கும், சக்கரத்தை உருட்டினால் ஒலிக்கும் சுரங்கள் அனைத்தும் ஒருங்கே வளையும். ஒற்றை இழையாய்ச் செல்லும் நம் இசைக்கோ இரண்டுமே குறையல்ல. வலக்கை கட்டையில், இடக்கை சக்கரத்தில். வளையும் எல்லையைப் பெரிதாக வைத்தால் தோடி காந்தாரம் கட்டுக்கடங்காது. சிறிதாக வைத்தால் மத்தியமத்தை எட்டாது. அதைப் பழக்கத்தால்தான் கண்டடைய வேண்டும்.

கோடம்பாக்கத்தில் மின்னணுக் கட்டைக் கருவிகள் அதற்கு முன்பே புகுந்திருந்தன. இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் மறைந்தபின் அவருடைய கருவிகளை வாடகைக்கு விட்டே குடும்பம் பிழைத்தது, மகன் ஏ.ஆர். ரகுமான் சிறுவயதிலேயே இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தார். 1986இல் வந்த ‘புன்னகை மன்னன்’, யமஹாவின் சி.எக்ஸ்.5எம் இசைக்கணினியைப் பயன்படுத்திய படமென்று அறியப்படுகிறது. அக்கணினியின் நாதமும் எஃப்.எம். முறையில் எழுந்ததே. ஆனால் திரையிசையில் ரோட்ஸின் சாயலும் மணியோசையுமே பெரிதும் விரும்பப்பட்டன. சக்கரத்தின் முழு வல்லமை வெளிப்பட்டது பிற்காலத்துக் கச்சேரி மேடையில், கே. சத்யநாராயணன் கீபோர்டைக் கர்நாடக இசையின் முதன்மைக் கருவியாக வாசித்தபோது ஆர்மோனியத்தின் மீதான பழைய குற்றச்சாட்டு வலுவிழந்தது.

இழப்பும் உண்டு. டி.எக்ஸ்.7இன் கட்டைகள் விரலின் வேகத்தை உணரும். ஆயினும் சுத்தியலின் கனம் அவற்றில் இல்லை. பியானோவில் பழகிய விரலுக்கு அவை பொம்மைபோல் தோன்றும். யமஹா 1983இலேயே தொடங்கிய கிளாவினோவா வரிசை முதல் இன்றைய எண்ணிம பியானோக்கள் வரை அக்கனத்தை மீட்கவே முயல்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இடப்புறச் சக்கரம் இல்லை. ஆகவே மேற்கத்திய இசைத் தேர்வுக்குப் பயில்பவர் கனத்த கட்டைகளைத் தேடுகிறார்; ராகம் வாசிக்க விழைபவர் இலேசான கட்டைகளைப் பொறுத்துக்கொண்டு சக்கரத்தைத் தேடுகிறார்.