ராணிக்கெட் என்ற பெயர் வந்த கதை

வேதாரண்யத்தில் எங்கள் வீட்டில் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்தால் அம்மா சீரகம், மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுப்பார். வெறும் வயிற்றுக் கோளாறு என்றால் பிழைத்துக்கொள்ளும். கழுத்து திருகிக் கால் இழுத்துவிட்டால் கூடே காலி.

அது ராணிக்கெட் நோய். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் தெரியவந்த வைரஸ். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் இமயமலை ஊரான ராணிக்கெட்டில் கண்டறிந்ததால் நம் நாட்டில் அந்தப் பெயர். (ராணிப்பேட்டை என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே 1932-இல் தொடங்கியது தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம்!) 1940-களில் முக்தேசுவர் ஆய்வகம் தடுப்பூசி கண்டது. நோய் வந்தபின் மருந்தில்லை. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி.

எங்கள் தெருவில் அப்போது யாருக்கும் இது தெரியாது. பக்கத்து வீட்டு அத்தையின் கண்ணேறு என்று சொல்லி, அம்மா இரண்டு வருஷம் அவரோடு பேசவே இல்லை.