நீனா சிமோனும் பாஹும்: ஒரு ஜாஸ் பாடகியின் இசைக் கட்டமைப்பு

நீனா சிமோனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு கதையைச் சொல்கிறார்கள். கச்சேரிப் பியானோ கலைஞராக வேண்டியவர் நிறவெறியால் மதுக்கூடத்துக்குத் தள்ளப்பட்டார் என்பது ஒன்று. ஜாஸ், புளூஸ், நாட்டார் பாடல், நாடகப் பாடல், பிரெஞ்சுப் பாடல் என எதையும் பாடவல்ல பன்முகக் கலைஞர் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இரண்டுமே அவருடைய செவ்வியல் பயிற்சியை, அவர் பாடத் தொடங்கும் முன்பே முடிந்துபோன ஒன்றாக ஆக்கிவிடுகின்றன. அந்தப் பயிற்சி அவருடைய பாடல்களின் கட்டமைப்புக்குள்ளேயே இயங்கியது என்பதும், வகைமைகள் மாறியபோது மாறாமல் நின்றது அதுதான் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வட கரோலினாவின் ட்ரையான் என்ற சிற்றூரில் 1933இல் யூனிஸ் வேமன் என்ற பெயரில் பிறந்தவர் அவர். தாய் மெதடிஸ்ட் சபையின் போதகர். நடை பழகிய வயதிலேயே தேவாலயத்தில் வாசிக்கத் தொடங்கிய சிறுமிக்கு, அவ்வூரில் குடியேறியிருந்த மியூரியல் மஸ்ஸனோவிச் என்ற ஆங்கிலேய ஆசிரியை பாஹைக் கற்பித்தார். ஊரார் நிதி திரட்டிப் படிப்பைத் தொடரச் செய்தனர். 1950ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் ஜூலியார்டில் கார்ல் ஃப்ரீட்பெர்க்கிடம் பயின்றார். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரி அவருக்கு இடம் மறுத்தது.

நிறமே காரணம் என்று சிமோன் இறுதிவரை நம்பினார். கர்ட்டிஸ் ஆசிரியர் விளாடிமிர் சோகோலோஃப் அதை மறுத்தார். கறுப்பினத்தவரான ஜார்ஜ் வாக்கர் 1945இலேயே அங்குப் பட்டம் பெற்றிருந்தார் என்பதும் கவனத்துக்குரியது. ஒருவர் நுழைந்துவிட்டதால் கதவு எல்லோருக்கும் திறந்திருந்தது என்று ஆகிவிடாது. அதே வேளையில், ஒரு தேர்வுக் குழுவின் மனத்தை இன்றைக்கு யாராலும் நிறுவிக் காட்டவும் முடியாது. இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வதிலேயே ஆய்வாளர்கள் காலத்தைச் செலவிட்டுவிட்டதாக எனக்குத் தோன்றுகிறது. இசைக்கு முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. சிமோன் அதே சோகோலோஃபிடம் தனியாகக் கற்றார். வருமானத்துக்காக, வாய்ப்பாட்டு பயின்ற மாணவர்களுக்குப் பியானோ வாசித்தார். அந்த மாணவர்கள் விரும்பிய மெல்லிசைப் பாடல்கள் இப்படித்தான் அவர் கைக்கு வந்தன. அவற்றைப் பாடகியாக அல்ல, பக்கவாத்தியக்காரராகவே முதலில் அறிந்தார் என்பது சிறிய தகவல் அல்ல.

1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மிட்டவுன் மதுக்கூடத்தில் பியானோ வாசிக்கச் சேர்ந்தபோது, பாடினால்தான் வேலை என்றார் உரிமையாளர். தாய்க்குத் தெரியாமலிருக்க 'நீனா சிமோன்' என்ற பெயரும் அப்போது பிறந்தது. ஆக, அவர் பயின்றது பியானோ. குரல் பின்னால் வந்து சேர்ந்தது. தாழ்ந்த, கரகரப்பான அந்தக் குரலைப் பியானோவின் மேல் ஏற்றி வைக்காமல், பியானோவில் ஓடும் இழைகளுக்கு நடுவே இன்னோர் இழையாகவே அவர் பின்னினார்.

1957இன் இறுதியில் அவர் பதிவுசெய்த முதல் இசைத்தட்டே இதற்குச் சான்று. 'லவ் மீ ஆர் லீவ் மீ' 1928ஆம் ஆண்டின் நாடகப் பாடல். ஜிம்மி பாண்டின் பாஸும் ஆல்பர்ட் ஹீத்தின் டிரம்ஸும் ஸ்விங் நடையை விடாமல் பிடித்திருக்க, இடையிசையில் சிமோனின் இரு கைகளும் பாஹின் இன்வென்ஷன்களைப் போல ஒன்றையொன்று துரத்துகின்றன. வழக்கமான ஜாஸ் தனியாவர்த்தனத்தில் வலது கை கற்பனை செய்யும், இடது கை சுரக்கட்டுகளால் தாங்கும். இங்கே இடது கைக்கும் சொந்த மெட்டு உண்டு. இதை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோர், அதே தட்டின் 'லிட்டில் கேர்ள் புளூ'வைக் கேட்க வேண்டும். ரோஜர்ஸ், ஹார்ட் இருவரும் 1935இல் ஆக்கிய சோகப் பாடல் அது. பியானோவில் 'குட் கிங் வென்செஸ்லாஸ்' என்ற கிறிஸ்துமஸ் பாட்டின் மெட்டு ஓட, அதனூடே குரல் தன் மெட்டில் செல்கிறது. பண்டிகையின் மெட்டு அருகிலேயே ஒலிப்பதால் பாடலின் தனிமை கூடுகிறது. உத்தி இங்கே பொருளாகவே மாறிவிட்டது. இத்தட்டின் பாடல்களில் 1959இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதல் இருபதுக்குள் வந்தது, கெர்ஷ்வினின் ஓபராவிலிருந்து எடுத்த 'ஐ லவ்ஸ் யூ, போர்கி' என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

அரசியல் பாடல்களில் இந்த இலக்கணம் கைவிடப்பட்டது என்று கருதுவோர் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. 1966இல் வெளியான 'ஃபோர் விமன்' நான்கு கறுப்பினப் பெண்களை ஒருவர்பின் ஒருவராகப் பேசவைக்கிறது. அடியில் ஒரே சிறு பியானோ வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது. மெட்டும் ஏறத்தாழ அதேதான். மாறுவது குரலின் நிறமும் அழுத்தமும். மாறாத அடித்தளத்தின் மேல் வேறுபாடுகளை எழுப்பும் பழைய ஐரோப்பிய மரபை அறிந்த எவருக்கும் இந்த வடிவம் புதிதல்ல. 1963இல் குடியுரிமைப் போராளி மெட்கர் எவர்ஸின் கொலையையும், பர்மிங்ஹாம் தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு சிறுமியர் இறந்ததையும் அடுத்துப் பிறந்த 'மிசிசிப்பி காடேம்', துள்ளும் நாடக மெட்டில் கடுங்கோபத்தைப் பாடுகிறது. இதையும் பாஹின் கணக்கில் எழுதுவது மிகை. ஆனாலும் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டை ஒருசேர ஓடவிட்டுக் கேட்பவரை நிம்மதியிழக்கச் செய்யும் மனம், 'லிட்டில் கேர்ள் புளூ'வை அமைத்த அதே மனந்தான்.

தேவாலயத்தை மறந்துவிட்டுப் பேசுவதாக ஒரு மறுப்பு எழலாம். பத்து நிமிடம் தாண்டி ஓடும் 'சின்னர்மேன்' எழுப்புதல் கூட்டங்களிலிருந்து வந்தது. அதன் வேகமும் கைத்தட்டலும் எந்த இசைக் கல்லூரியும் தராதவை. உண்மைதான். வேகத்தைத் தந்தது தேவாலயம் என்றால், அந்த வேகத்தை எங்கே நிறுத்துவது, எந்த இழையை மட்டும் மிச்சம் வைப்பது என்ற முடிவுகளில் செவ்வியல் கல்வி தெரிகிறது. மதுக்கூடத்திலும்கூட, பேசுபவர்கள் அடங்கும்வரை வாசிக்க மறுத்த பழக்கம் கச்சேரி மண்டபத்தைச் சேர்ந்தது.

தன்னை ஜாஸ் பாடகி என்று அழைப்பதை சிமோன் விரும்பவில்லை. தன் இசை கறுப்பினச் செவ்விசை என்றார். இதைக் கலைஞரின் செருக்காக அல்லாமல், இசை நுணுக்கம் பற்றிய துல்லியமான கூற்றாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவர் வாழ்க்கையின் துயரங்களைத் திரும்பத் திரும்ப எழுதுவதை விட்டுவிட்டு, இசை ஆய்வாளர்கள் அவருடைய பியானோ பகுதிகளைச் சுரப்படுத்தி, இரு கைகளையும் குரலையும் மூன்று தனி வரிகளாக எழுதிப் பார்க்கட்டும். பாஹைப் பயிற்றுவிக்கும் வகுப்பிலேயே அதைச் செய்யலாம்.