கணக்கில் தோற்றவன் கதையில் ஜெயித்தான்: தேசிங்கு ராஜனும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டும்

கம்ப்யூட்டரில் ராஜ்ஜியம் ஆளும் விளையாட்டுகள் நிறைய உண்டு. அவற்றில் 'குரூசேடர் கிங்ஸ்' கொஞ்சம் வித்தியாசமானது. ஸ்வீடனைச் சேர்ந்த பாரடாக்ஸ் நிறுவனம் 2004-ல் இதை வெளியிட்டது. இரண்டாம் பாகம் 2012-ல் வந்தது, மூன்றாம் பாகம் 2020-ல். இரண்டாம் பாகத்துக்கு 2014-ல் வந்த ஒரு இணைப்பில் இந்தியாவும் வரைபடத்தில் சேர்ந்தது.

இதில் ஆடுபவர் ஒரு நாட்டை ஆடுவதில்லை, ஒரு குடும்பத்தை ஆடுகிறார். ராஜா செத்தால் வாரிசு வருவார், ஆட்டம் தொடரும். அந்த வம்சத்தில் வாரிசே இல்லை என்றால் ஆட்டம் முடிந்தது. எவ்வளவு பெரிய கோட்டை கட்டியிருந்தாலும் சரி!

இப்படி ஆடி முடித்தவர்களில் பலர் அதை அப்படியே ஒரு சரித்திரக் கதையாக எழுதிப் பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது கதையாக வருவதில்லை. "1071-ல் போர். வெற்றி. கஜானாவில் 300 பொன். 1074-ல் மகன் பிறந்தான்..." என்று கணக்குப் புத்தகம் போல நீண்டுகொண்டே போகும். என்ன நடந்தது என்பது முழுக்க இருக்கும். ஆனால் படிக்கிறவர் யாருக்காகக் கவலைப்பட வேண்டும் என்பது மட்டும் இருக்காது.

கணக்கு எப்படிக் கதையாகிறது? இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது... செஞ்சி!

செஞ்சியின் ஸ்கோர் போர்டு

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய கோட்டை இது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் முதலில் கட்டினார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. பிறகு விஜயநகர அரசின் கீழ் நாயக்கர்கள் ஆண்டார்கள். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜாப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-ல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் இங்கே தஞ்சம் புகுந்தபோது முகலாயப் படை 1690-ல் முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு வருஷ முற்றுகை! பிறகு 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761-ல் ஆங்கிலேயர்கள்.

2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் செஞ்சியும் இடம்பெற்றது. பன்னிரண்டு கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

ஸ்கோர் போட்டால் சிவாஜிக்கு நிறைய மதிப்பெண் கிடைக்கும். எட்டு வருஷம் தாக்குப்பிடித்த ராஜாராமுக்கும் கிடைக்கும். ஆனால் செஞ்சி என்றதும் தமிழ்நாட்டில் யாரைக் கேட்டாலும் வரும் பெயர் தேசிங்கு ராஜன். அவர் ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. தோற்றவர். வாரிசும் இல்லாதவர். விளையாட்டாக இருந்தால் அவருக்குக் கடைசி இடம்தான்.

பேரேட்டில் இருந்த தேசிங்கு

தேசிங்கின் நிஜப் பெயர் தேஜ் சிங். பண்டேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர். அவருடைய தந்தை சொரூப் சிங்குக்கு ஔரங்கசீப் செஞ்சியை ஒப்படைத்தது 1700 வாக்கில். கோட்டையைக் காக்க வேண்டும், வருமானத்தில் சேர வேண்டியதை மேலே கட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சொரூப் சிங் ஒழுங்காகக் கட்டவில்லை. பாக்கி மட்டும் 70 லட்சம் ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

அவர் இறந்ததும் 22 வயது மகன் வந்து கோட்டையில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு வந்த பாதுஷாவின் ஆணை தனக்கும் செல்லும் என்பது மகனின் வாதம். புது பாதுஷாவிடம் புது ஆணை வாங்க வேண்டும், பாக்கியையும் கட்ட வேண்டும் என்பது ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் வாதம். இன்றைய பாஷையில் சொன்னால், அப்பா வைத்த கடனும் அப்பாவின் லைசென்ஸும் மகனைச் சேருமா என்கிற வழக்கு!

பேச்சு முறிந்தது. 1714 அக்டோபர் 3-ஆம் தேதி சண்டை. தேசிங்கு பக்கம் சுமார் 350 குதிரை வீரர்களும் கொஞ்சம் காலாட்களும். எதிரே பல ஆயிரம் பேர். வழியில் சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். வடியும் வரை பொறுக்காமல் குதிரையை ஆற்றில் இறக்கினார் தேசிங்கு. கூட வந்தவர்களில் பலரால் கரையேற முடியவில்லை. யானை மேல் இருந்த எதிரித் தளபதி தௌலத் கானை வீழ்த்தினார், பிறகு அவரும் விழுந்தார். அவர் மனைவி உடன்கட்டை ஏறினார். நவாப் அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் ராணிப்பேட்டை என்ற ஊருக்குப் பெயர் வைத்தார் என்று மரபு சொல்கிறது.

பேரேட்டில் இருப்பது இவ்வளவுதான். வரி பாக்கி, வெள்ளம், படை பலம் இல்லாமை, தோல்வி.

பாட்டுக்காரன் செய்த வேலை

தெருக்களில் பாடப்பட்டு, பிறகு 'பெரிய எழுத்து' புத்தகமாக அச்சாகி, ஊர் ஊராக விற்ற 'தேசிங்குராஜன் கதை' இந்தக் கணக்கை என்ன செய்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதலில் ஒரு சிறுவயதைக் கொடுத்தது. டில்லியில் யாராலும் அடக்க முடியாத குதிரை. அடக்கப் போன தந்தை தோற்றுச் சிறைப்படுகிறார். சிறுவன் தேசிங்கு போய் அந்தக் குதிரையை அடக்கித் தந்தையை மீட்கிறான். 22 வயதில் அவன் வெள்ளத்தில் குதிரையை இறக்கும்போது கேட்பவருக்கு ஆச்சரியம் வராது. அவன் அப்படித்தான் செய்வான் என்று தெரியும்.

இரண்டாவது, ஒரு நண்பனைக் கொடுத்தது. நிஜத்தில் மகபத் கான், பாட்டில் மோவுத்துக்காரன். முஸ்லிம். தன் கல்யாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு ஓடி வந்து சாகிறான். கடலி பக்கத்தில் நீலாம்பூண்டியில் அவனுக்கும் அவன் குதிரைக்கும் சமாதி இருக்கிறது. இந்தப் போரை இந்து ராஜாவுக்கும் முஸ்லிம் நவாபுக்கும் நடந்த மதச் சண்டை என்று சொல்ல வருபவர்களை அந்தச் சமாதியே நிறுத்திவிடும்.

மூன்றாவது, ஏற்கனவே இருந்ததைப் பயன்படுத்திக்கொண்டது. செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரம் மலையில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் இருக்கிறது. அங்கே பள்ளிகொண்ட ரங்கநாதரின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். போருக்கு உத்தரவு கேட்டுப் போன தேசிங்குக்கு "போகாதே" என்று சொல்லி சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்கிறது கதை. பாறையில் செதுக்கிப் பல நூற்றாண்டுகள் ஆன சிலை, 1714-ன் சாட்சியாகிவிட்டது! இன்றைக்கும் அங்கே போகிறவர்கள் அந்த முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

நான்காவதுதான் முக்கியம். முடிவை மாற்றவில்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் தோற்றால் பழைய சேவ் ஃபைலைத் திறந்து போருக்கு முந்தின நாளிலிருந்து மறுபடி ஆடலாம். வெள்ளம் வடியும் வரை காத்திருக்கலாம். பாட்டுக்காரன் அதைச் செய்யவில்லை. தேசிங்கைச் சாகவிட்டான். அதனால்தான் கதை பிழைத்தது. 1960-ல் டி.ஆர். ரகுநாத் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். இரட்டை வேடத்தில் நடித்த 'ராஜா தேசிங்கு' படமும் அந்தத் தோல்வியைத் தொடவில்லை.

கதை விட்டுவிட்டது

இதில் நஷ்டமும் உண்டு. பாட்டில் நவாப் வெறும் வில்லன். கப்பம் கேட்பது அக்கிரமம், மறுப்பது வீரம். ஆனால் அந்தப் பாக்கிப் பணம் யாருடையது? கோட்டைக்குள் காசு காய்க்கும் மரம் இல்லை. ராஜா கட்டினாலும் நவாப் வாங்கினாலும் அது சுற்றுக் கிராமங்களின் விளைச்சலிலிருந்துதான் வர வேண்டும். எட்டு வருஷ முற்றுகையைப் பார்த்த கிராமங்கள் அவை. அவர்கள் பக்கத்தைப் பாட்டும் பாடவில்லை, சினிமாவும் எடுக்கவில்லை. விளையாட்டிலும் அப்படித்தானே? வரி என்பது மேலே ஏறும் ஒரு எண் மட்டும்.

செஞ்சி வட்டாரத்திலேயே தொண்டூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒரு பாறையில் சமணத் துறவிகளுக்காக வெட்டிய படுக்கைகள் இருக்கின்றன. பக்கத்தில் சுமார் 3-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழி எழுத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு. செய்யச் சொன்னவர் இளங்காயிபன், செய்தவர் மோசி. பக்கத்து ஊரான அகலூரின் பழைய பெயரும் அதில் வருகிறது. அவ்வளவுதான்.

போர் இல்லை, குதிரை இல்லை. சொல்லப்போனால் எந்த விளையாட்டிலும் மதிப்பெண் வராத வேலை. ஆனால் செய்யச் சொன்னவரோடு உளி பிடித்தவர் பெயரும் சேர்ந்து பதினேழு நூற்றாண்டுகளாக அங்கே இருக்கிறது. ஆனந்தக் கோனுக்கும் முன்னால், செஞ்சியில் கோட்டை வருவதற்கும் முன்னால்.

அடுத்த முறை தன் கம்ப்யூட்டர் ராஜ்ஜியத்தைக் கதையாக எழுத உட்காருகிறவர் ஜெயித்த போரை விட்டுவிட்டுத் தோற்ற போரிலிருந்து ஆரம்பிக்கலாம். வரி கட்டியவர்களுக்கும் ஒரு அத்தியாயம் ஒதுக்கலாம். தேசிங்கின் பாட்டுக்காரன் மிச்சம் வைத்துவிட்டுப் போன வேலை அது ஒன்றுதான்.