திரும்பி வராத கேட் பாஸ்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. பக்கத்தில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. பெரிய கம்பெனிகளுக்கு போல்ட்டும் பிராக்கெட்டும் செய்துகொடுக்கும் லேத் பட்டறைகளும் பிரஸ் ஷாப்புகளும் இங்கே வரிசையாக முளைத்தன. அவற்றின் பாதுகாப்பு என்பது காம்பவுண்டு சுவர், வாட்ச்மேன், ஒரு நோட்டு. அந்த நோட்டை லேசாக எடைபோடக் கூடாது. ஒரு டை ரிப்பேருக்கு வெளியே போனால் அதற்கு ‘ரிட்டர்னபிள் கேட் பாஸ்’ போடுவார்கள். யார் எடுத்துப் போனார், என்றைக்குத் திரும்பும் எல்லாம் அதில் இருக்கும். திரும்பவில்லையென்றால் கேள்வி வரும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தது, அதன் ரிட்டர்ன் தாக்கல் ஆன்லைனில். அதற்குச் சில வாரங்கள் முன்பு, மே 12 அன்று, வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டது. அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதம் முன்பே தீர்வு கொடுத்திருந்தது. அப்டேட் போடாதவர்கள் மாட்டினார்கள். வாட்ச்மேன் நோட்டில் இதற்கெல்லாம் பத்தி கிடையாது.

2020 மார்ச் 24 நள்ளிரவு ஊரடங்கு. முதலில் அறிவித்தது 21 நாள். அக்கவுண்டண்ட் வீட்டிலிருந்தே டேலியைத் திறக்க வேண்டும், டிசைனர் வீட்டிலிருந்தே டிராயிங் அனுப்ப வேண்டும். இதற்கு அவசர வழி ஒன்று இருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவது. “மூணு வாரம்தானே சார்!” ஊரடங்கு முடிந்தது. வேலையை விட்டவர்கள் விட்டார்கள். திறந்த வாசல் பல இடங்களில் திறந்தே கிடந்தது. கேட் பாஸ் போடாமல் வெளியே போன சாவி அது. திரும்பி வந்ததா என்று கேட்க ஆளில்லை.

“நம்மகிட்ட திருட என்ன இருக்கு?” என்று ஓனர்கள் கேட்பது வழக்கம். ஆனால் கதவைத் தட்டுவது ஆள் அல்ல, புரோகிராம். இணையத்தில் இருக்கும் முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அதற்குச் சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி வித்தியாசம் தெரியாது. உங்கள் டேலி ஃபைல் திருடனுக்குப் பயன்பட வேண்டாம். அது இல்லாமல் நீங்கள் சம்பளம் போட முடியாது என்பதே அவனுக்குப் போதும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஜப்பானில் இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா அங்கே தன் 14 தொழிற்சாலைகளையும் நிறுத்தியது. தாக்கப்பட்டது டொயோட்டா அல்ல, அதற்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்துகொடுக்கும் கோஜிமா. கோஜிமாவின் துணை நிறுவனம் ஒன்று வெளியாரோடு இணையப் பயன்படுத்திய ரிமோட் கருவியின் ஓட்டை வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். பாகங்களைக் குவித்து வைக்காமல் அன்றன்றைக்கு வாங்குகிற முறையில், ஒரு சப்ளையரின் கம்ப்யூட்டர் நின்றால் எல்லாமே நிற்கும். அம்பத்தூரும் இதே சங்கிலியில் ஒரு கண்ணிதான். நம் ஊரில் பெரிய கம்பெனி காத்திருக்காது, அடுத்த சப்ளையரிடம் போய்விடும்.

2022 ஏப்ரலில் செர்ட்-இன், தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. பணம் போனால் உடனே அழைக்க 1930 இருக்கிறது. இவையெல்லாம் திருடு போன பிறகு நடப்பவை. அதற்கு முன் செய்ய வேண்டியதைப் பேட்டை அறுபது வருடமாகச் செய்துவருகிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் வழி யார் யாரிடம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுவது. ஆள் போன அன்றே அதை மூடுவது. பாஸ்வேர்டோடு ஓடிபியும் கேட்பது. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றித் தனியே வைப்பது. “பேங்க் அக்கவுண்ட் மாறியிருக்கு” என்று மெயில் வந்தால், பழைய நம்பருக்குப் போன் போட்டுக் கேட்பது.

ஒரு டைக்குக் கொடுத்த மரியாதையை ஒரு பாஸ்வேர்டுக்கும் கொடுத்தால் போதும்.