கூடுதலும் கூட்டுதலும்

மலேசியாவின் 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் 6-ஆம் பிரிவு, கூட்டம் நடத்துகிறவரின் கடமைகளைப் பட்டியல் போடுகிறது. சட்டத்தை மீறக்கூடாது, பகைமையைத் தூண்டக்கூடாது, சொத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ சேதம் வரக்கூடாது என்று போகிற அந்தப் பட்டியலில், சாதுவாக ஒரு வரி இருக்கிறது. கூடிய இடத்தைச் சுத்தம் செய்யவேண்டும். இல்லையென்றால் சுத்தம் செய்யும் செலவை ஏற்கவேண்டும். படித்தவுடன் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. குப்பை போட்டவன் அள்ளட்டும், இதில் என்ன அரசியல் என்றுதான் கேட்போம். நம் நகரங்களின் திடல்களுக்கு நடந்ததைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்த ஒற்றை வரிக்குள் நிறைய அரசியல் இருப்பது எனக்குப் புரிந்தது.

கோலாலம்பூரின் பழைய பாடாங்கிலிருந்து தொடங்கலாம். 1884-இல் சிலாங்கூர் கிளப் உருவானது. அதன் வாசலில் விரிந்த புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். 1890-இல் நகரத்துக்குச் சுகாதார வாரியம் வந்தது. தெருக்களையும் சாக்கடைகளையும் சுத்தமாக வைத்திருப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. மலாயா நகரங்களில் அந்த வேலைக்கு விளக்குமாற்றைப் பிடித்த கைகளில் பெரும்பாலானவை தமிழ், தெலுங்குத் தொழிலாளிகளின் கைகள். பாடாங்கில் கூடியவர்கள் ஒரு கூட்டம், அந்த நகரத்தைக் கூட்டியவர்கள் வேறொரு கூட்டம். அந்தக் காலத்தில் 'குப்பைச் செலவு யாருடையது?' என்று எவரும் கேட்கவில்லை. கூடுகிறவரும் ஆள்கிறவரும் ஒரே ஆள் என்றால் அந்தக் கேள்வி எழாது.

1957 ஆகஸ்ட் 30 நள்ளிரவில் அதே பாடாங்கில் யூனியன் ஜாக் இறங்கியது, மலாயாக் கொடி ஏறியது. பிறகும் முப்பது ஆண்டுகள் அது கிளப்பின் மைதானமாகவே இருந்தது. 1987-இல் கோலாலம்பூர் மாநகர் மன்றம் அதை எடுத்துக்கொண்டது. 1990-இல் டத்தாரான் மெர்டேக்கா ஆனது. பெயர் சுதந்திரச் சதுக்கம். ஆனால் அங்கே கூட மாநகர் மன்றத்தின் சம்மதம் வேண்டும்.

அந்தச் சம்மதம் எவ்வளவு கனமானது என்பது 2012 ஏப்ரல் 28 அன்று தெரிந்தது. அமைதிப் பேரணிச் சட்டம் ஏப்ரல் 23-ஆம் தேதிதான் அமலுக்கு வந்திருந்தது. ஐந்தே நாளில் பெர்சே 3.0. டத்தாரானைத் தரமுடியாது, வேறு இடத்துக்குப் போங்கள் என்றார்கள். சதுக்கத்தைச் சுற்றி முள்கம்பித் தடுப்பு. பிற்பகலில் சிலர் தடுப்பைத் தாண்ட, கண்ணீர்ப்புகையும் தண்ணீர்ப் பீரங்கியும் வந்தன. அடுத்த மாதமே அம்பிகா சீனிவாசன் மீதும் பெர்சே குழுவினர் மீதும் அரசாங்கம் வழக்குப் போட்டது. போலீஸ் வாகனங்களுக்கு ஏற்பட்ட சேதத்துக்கு ஏறக்குறைய 122,000 ரிங்கிட் கேட்டார்கள். 2015 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அந்தக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. என் பார்வையில் இந்த வழக்கின் பாடம் எளிமையானது. குப்பை வேறு, சேதம் வேறு. இரண்டையும் ஒரே பில்லில் எழுத ஆரம்பித்தால், எவனோ ஒருவன் கல்லெறிந்ததற்கு மேடை போட்டவர் வீட்டை விற்கவேண்டி வரும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்சே 4. இரண்டு நாள், ஓர் இரவு, மஞ்சள் சட்டைகள். தொண்டர்கள் பைகளோடு குப்பை பொறுக்கிய படங்கள் ஊரெல்லாம் பரவின. அப்படியும் 65,000 ரிங்கிட் கொடு என்றது மாநகர் மன்றம். பெர்சே என்ற சொல்லுக்கே 'சுத்தம்' என்றுதான் பொருள். சுத்தமான தேர்தல் கேட்டவர்களுக்குச் சுத்தம் செய்ததற்கான பில் போனது!

சின்ன நிகழ்ச்சிகளுக்கும் இதே கதைதான், எண்கள்தான் சிறியவை. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்களோடு சேர்ந்து ஒரு பூங்காவில் சிறுவர் நாடகம் போட்டோம். எந்த நகராண்மைக் கழகம் என்பது இங்கே முக்கியமில்லை. 500 வெள்ளி டெபாசிட் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மினரல் போத்தல் மூடி வரைக்கும் பொறுக்கினோம். ஒன்றரை மாதம் கழித்து 300 வெள்ளி வந்தது. மீதி எங்கே என்று கேட்டால், ரசீதில் "பெம்பெர்சிஹான்" என்ற ஒரே சொல். முகப்பில் இருந்த அக்கா பாவம், "எல்லாருக்கும் இப்படித்தான் ஐயா பிடிக்கிறாங்க, எனக்கு மேல எதுவும் தெரியாது" என்றார். எங்களுக்கு 200 வெள்ளி பெரிய பணம்தான். ஆனால் என்னை உறுத்தியது, எதற்காகப் பிடித்தார்கள் என்பதைச் சொல்லும் கடமை அங்கே யாருக்கும் இல்லை என்பது.

இந்தக் கேள்வியை அமெரிக்க நீதிமன்றம் நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது. 1987 ஜனவரியில் ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்சைத் மாவட்டத்தில், இனவெறிக்கு எதிராக ஏறத்தாழ 20,000 பேர் ஊர்வலம் போனார்கள். பாதுகாப்புச் செலவு 670,000 டாலரைத் தாண்டியது. உடனே மாவட்டம் ஒரு விதி கொண்டுவந்தது: கூட்டத்துக்கு ஒரு நாளைக்கு 1,000 டாலர் வரை கட்டணம், எவ்வளவு என்று அதிகாரி முடிவு செய்வார். அந்த விதியை எதிர்த்து வழக்காடியது வெள்ளை இனவாதக் குழு ஒன்று. அவர்களிடம் கேட்கப்பட்டது வெறும் 100 டாலர். 1992-இல் உச்சநீதிமன்றம் விதியைச் செல்லாது என்றது. பேச்சைக் கேட்டு எதிராளிகள் எவ்வளவு கொந்தளிப்பார்கள் என்று கணித்து அதிகாரி விலை வைக்கமுடியுமானால், அது பேச்சுக்கு வைக்கும் விலை. வழக்கில் வென்றவர்கள் வெறுக்கத்தக்கவர்கள். ஆனாலும் அந்தத் தீர்ப்பு காப்பாற்றியது அவர்களை மட்டுமல்ல.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. 1876-இல் சியாங் ஹோங் லிம் என்ற வணிகர் 3,000 டாலர் கொடுத்து உருவான பூங்கா ஹோங் லிம் பார்க். 2000 செப்டம்பர் 1 முதல் அங்கே பேச்சாளர் முனை. 2008 முதல் ஆர்ப்பாட்டமும் நடத்தலாம். நிர்வாகம் தேசியப் பூங்காக் கழகத்திடம். பதிவு செய்தால் போதும் என்பார்கள். ஆனால் 2017-இல் வெளிநாட்டவர் கலந்துகொள்ளத் தடை வந்தபோது, பிங்க் டாட் ஏற்பாட்டாளர்கள் பூங்காவைச் சுற்றித் தடுப்பு வைத்து, ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்து உள்ளே விடவேண்டியிருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் பணம் கொடுத்ததால் அவர்கள் சமாளித்தார்கள். புல் இலவசம், வேலிக்குக் காசு. பத்துப் பேர் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு அந்த வேலிக்கு எங்கே போகும்?

டெபாசிட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. பூங்கா எல்லாருக்கும் பொது. நான் மிதித்த புல்லில் நாளைக்கு இன்னொருவர் பிள்ளை விளையாடவேண்டும். தொகை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டு, ஆளும் கட்சியின் விழாவுக்கும் எதிர்ப்புக் கூட்டத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஒன்றாக இருக்கட்டும். பிடிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் காரணம் எழுதித் தரட்டும். பணமில்லாதவருக்கு, தானே கூட்டிக் கொடுக்கும் வழியும் மெய்யாகவே இருக்கட்டும். சட்டத்தின் அந்த வரியே 'அல்லது' என்றுதானே சொல்கிறது.

2025 ஜூலை 1 அன்று கூட்டரசு நீதிமன்றம், முன்னறிவிப்புக் கொடுக்காத ஏற்பாட்டாளரைக் குற்றவாளியாக்கும் 9(5) பிரிவைச் செல்லாது என்றது. ஒரு கதவு திறந்திருக்கிறது. ஆனால் குற்றவழக்கால் தடுக்கமுடியாததைக் கட்டண ரசீதால் தடுக்கமுடியும். அதற்கு போலீஸ்கூடத் தேவையில்லை. நம் பாட்டன் பாட்டிகள் இந்த நகரங்களைக் கூலிக்குக் கூட்டினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இங்கே கூடுவதற்கு என்ன விலை என்பதை, அறைக்குள் உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி தன் விருப்பத்துக்கு நிர்ணயிக்கக்கூடாது.